சர்வே எண் இல்லாத மனுக்கள்: நெல்லையில் கட்டட ஆட்சேபணைகள் தோற்கும் இடங்கள்

எங்கள் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு புதுக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்த மறுநாள்தான் அக்கம்பக்கத்தார் கூட்டம் கூடியது. பாளையங்கோட்டையில் ஒரு காலத்தில் ஓட்டு வீடும் தென்னையுமாக இருந்த தெரு அது. மூத்த அண்ணாச்சி ஒருவர் வீட்டு வராந்தாவில் நாற்காலிகள் போட்டு, காப்பி குடித்துக்கொண்டே மனு எழுதினோம். காற்று தடைபடுகிறது, வெளிச்சம் குறைகிறது, மொட்டை மாடியில் துணி காயப்போட முடியவில்லை, தெருவில் நெரிசல் பெருகும், ஆகவே ஆவன செய்யுங்கள் என்று முடித்திருந்தோம். நாற்பத்துமூன்று கையெழுத்து. மனுவுக்கு ரசீது கிடைத்தது. கட்டடம் மூன்று தளமாக வளர்ந்தது. கிரகப் பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தோம்.

அந்த மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு சர்வே எண் இல்லை, ஓர் அளவு இல்லை, எந்த விதி மீறப்பட்டது என்ற பேச்சும் இல்லை. அதிகாரி அதை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போது யோசித்தால், அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

விளம்பரம் வந்த நாளில் யாரும் விழித்திருக்கவில்லை

நம் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம் வரலாமா, மரக்கடை வரலாமா என்பது செங்கல் இறங்குகிற அன்று தீர்மானமாவதில்லை. நகரத்துக்கான முழுமைத் திட்டத்தில் அந்த இடம் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, விவசாயமா என்று வண்ணம் தீட்டியபோதே பாதி முடிவாகிவிட்டது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி, அப்படியொரு திட்டம் தயாராகும்போது அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். யாரும் சொல்லலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அந்த இரண்டு மாதத்தில் நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வசூல் நடக்கும், தெருவிளக்குக்கு மனு போகும். வரைபடத்தை யாரும் பார்ப்பதில்லை. தனியொரு சர்வே எண்ணுக்கு மட்டும் நில உபயோக மாற்றம் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்கும் நாளிதழில் அறிவிப்பு வருவதுண்டு. அது திருமண விளம்பரங்களுக்கும் நிலப் பத்திரம் தொலைந்த விளம்பரங்களுக்கும் நடுவே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருக்கும். சங்கத்தில் ஓய்வு பெற்றவர் யாரேனும் ஒருவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படைத்தாலே போதும்: காலையில் பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும். நம் ஊரில் ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கா பஞ்சம்?

அளவு சொல்லாத கோபம்

எங்கள் மனு தோற்றதற்கு முதல் காரணம் இதுதான். 'பெரிய கட்டடம்' என்பது சட்டத்தில் குற்றமல்ல. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது மாநிலம் முழுதுக்கும் பொது. அதில், உயர்மாடிக் கட்டடம் அல்லாத சாதாரணக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 2. இன்ஜினியர்கள் எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். கணக்கு எளிது. ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது எல்லாத் தளங்களையும் கூட்டினால் 4,356 சதுர அடி வரை கட்டலாம். தரைத் தளத்தைத் தூண்கள் மட்டும் நிறுத்தி வண்டிகளுக்கு விட்டால் அது இந்தக் கணக்கில் சேராது. சாலை அகலத்தைப் பொறுத்து, அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பும் வாங்கலாம். ஆகவே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து 'நாலு மாடி, கட்டாயம் விதிமீறல்' என்று முடிவு கட்டுவது ஆபத்து. சில சமயம் அவர் விதிக்குள்தான் இருப்பார். நாம்தான் வெட்கப்பட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

'அனுமதியே வாங்காமல் கட்டுகிறார்' என்பதும் அவசரப்பட்டுச் சொல்லக்கூடாத வார்த்தை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத் தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர் இணையவழியில் உறுதிமொழி தந்து கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைத்துவிடும். யாரும் வந்து நூல் பிடித்துப் பார்க்காததால் அனுமதியே இல்லை என்று அர்த்தமல்ல. ஆனால் அந்த உறுதிமொழிக்கு மாறாக இரண்டாம் தளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், அப்போது நம் கையில் பிடி கிடைக்கிறது.

எதை அளக்கலாம்? பக்கவாட்டில் விட்ட இடைவெளியை அளக்கலாம். தெருவின் அகலத்தை அளக்கலாம். எத்தனை தளம், எத்தனை வீடு, வண்டி நிறுத்த எத்தனை இடம் என்று எண்ணலாம். அதோடு அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள். இங்கேயும் நம்மவர்கள் சறுக்குகிறார்கள்: 'இந்தக் கட்டடத்துக்கு ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?' என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் வராது. அது தகவல் அல்ல, சண்டை. வரைபட நகல், அனுமதி ஆணை நகல், தள ஆய்வு அறிக்கை நகல் என்று கேளுங்கள்.

இன்னொன்று. மாநகராட்சிப் பகுதியில் நகர நில அளவை எண், வார்டு, பிளாக் என்றுதான் கோப்பு நடக்கும். பழைய பத்திரத்தில் இருக்கும் கிராம சர்வே எண்ணை மட்டும் எழுதினால், 'அப்படியோர் எண் இல்லை' என்று ஒரே வரியில் மனு முடிந்துபோகும்.

குளத்தைப் பட்டாவில் தேடுவது

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். நெல்லைச் சீமையில் நிலம் என்றால் அது ஏதோ ஒரு வாய்க்காலின் கடைமடை. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கம் வருகிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம் வழியாகப் பாளையங்கோட்டைக்கு வருகிறது. ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும். நயினார்குளம், வேய்ந்தான்குளம், இலந்தைக்குளம் என்று ஊர்ப் பெயர்களே நமக்கு வழி சொல்கின்றன. நாமோ அந்தப் பெயர்களில் பஸ் ஏறி இறங்குகிறோமே தவிர, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்பதில்லை.

மனை விற்பவர் பட்டாவைக் காட்டுவார். பட்டாவும் உண்மையாகவே இருக்கும். பட்டா நிலத்தின் ஓரமாக ஆறடி அகலத்தில் ஓடும் மறுகால் ஓடைதான் சிக்கல். அது தனி எண்ணில் 'ஓடைப் புறம்போக்கு' என்றோ 'வாய்க்கால் புறம்போக்கு' என்றோ கிடக்கும். மனைப் பிரிவு போடும்போது அதன்மேல் மண் அடித்து, சாலை என்று காட்டிவிடுவார்கள். மேலே நின்று பார்க்கும் நாம் அதை நல்ல சாலை என்று பாராட்டுவோம். பட்டாவைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது; அந்த சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், ஒவ்வொரு எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் எடுத்து, மனையின் எல்லை எண்கள் ஒவ்வொன்றும் என்ன வகைப்பாடு என்று பார்க்க வேண்டும். இப்போது இவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி தன் பங்குக்கு ஜங்ஷனையும் வண்ணார்பேட்டையையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்தது. அத்தனை மழைக்கு எந்த ஓடையும் ஈடுகொடுத்திருக்காது என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் ஆறு இறங்கிய பிறகும் சில தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதே, அதற்கு வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த நாட்களில் எடுத்த படங்களைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டவர்கள் நல்ல ஆதாரத்தை இழந்துவிட்டார்கள். தேதியோடு, வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டோடு, அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்து வயலில் மனை போட விண்ணப்பம் வரும்போது அந்தப் படம் பத்து பக்க மனுவை விட அதிகம் பேசும்.

எந்த மேசை?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். அங்கே உங்களுக்கும் கட்டுபவருக்கும் சமாதானம் பேசி அனுப்புவார்கள். கட்டட அனுமதியும் விதிமீறலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. நில உபயோகமும் பெரிய மனைப் பிரிவுகளும் நகர் ஊரமைப்புத் துறையையும் உள்ளூர் திட்டக் குழுமத்தையும் சேர்ந்தவை. புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. குளம், கால்வாய் என்றால் நீர்வளத் துறை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை மனு நல்லதுதான், ஆனால் அது இந்த மேசைகளில் ஒன்றுக்குத்தான் கடைசியில் வந்து சேரும். நேராகவும் ஒன்று கொடுத்துவிடுங்கள். மாநகராட்சி எல்லையைத் தாண்டிய ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: கிராம சபை. அங்கே போட்ட தீர்மானம் பதிவேட்டில் நிற்கும். ஆனால் கிராம சபையன்று விடுமுறை என்று குற்றாலம் போய்விடுகிறோம்.

உயர் நீதிமன்றம் என்றால் நமக்கு மதுரைக் கிளை. 'மனுவைப் பரிசீலித்து உத்தரவிடுக' என்ற ஆணையை வாங்கிக்கொண்டு வெற்றி என்று இனிப்பு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெற்றி அல்ல. பந்து மறுபடி அதே மேசைக்குப் போகிறது. கட்டி முடித்துக் குடியேறிய பிறகு போனால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி முதலில் வரும். உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-இல் அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிக் கண்டிப்பான வழிகாட்டுதல்களைத் தந்திருக்கிறது. அனுமதித்த வரைபடத்தைக் கட்டுமிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. தைரியமாகப் போய்க் கேட்கலாம்.

நம் வீட்டுப் படிக்கட்டு

இனி சொல்லப்போவது சங்கக் கூட்டத்தில் சொன்னால் நாற்காலி பறக்கும். மனுவில் கையெழுத்துப் போட்ட நாற்பத்துமூன்று பேரில் எத்தனை பேர் தம் வீட்டுக்குப் பக்கவாட்டில் இடம் விட்டிருந்தோம்? எதிர்த்தரப்பு அதே பத்து ரூபாயில் நம் வீட்டு வரைபடத்தைக் கேட்டால் என்ன ஆகும்? எங்கள் தெருவை முப்பதடித் தெரு என்றுதான் எல்லோரும் சொல்வோம். பிறகொரு நாள் நூல் பிடித்தபோது இருபத்துநாலு அடிதான் இருந்தது. மீதி, இரு பக்கமும் எங்கள் படிக்கட்டுகளும், பைக் ஏற்றும் சரிவுகளும், செடித் தொட்டிகளும். கட்டுபவர் தெருவைக் குறுக்கினார் என்று நாங்கள் எழுதியிருந்தோம்.

பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் சங்கமே ஒரு கட்டடம் எழுப்பியிருக்கும். அல்லது ஒரு பிள்ளையார் அமர்ந்திருப்பார். அந்த இடத்தை மனைப் பிரிவு போட்டவர் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாரா என்று தேடுகிறவர்கள் குறைவு. கொடுக்காவிட்டால் ஒருநாள் அது மனையாக விற்பனைக்கு வரும்.

அடுக்குமாடி என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்ப்பதையும் நான் தவறு என்றுதான் சொல்வேன். ஊருக்குள் மேலே எழும்ப விடாவிட்டால் வீடு தேடுகிறவர்கள் காணாமல் போய்விட மாட்டார்கள். கார் சாகுபடியும் பிசான சாகுபடியும் நடக்கும் நஞ்சையில் போய் இறங்குவார்கள். நம் மனை விலை ஏறினால் மகிழ்ச்சி, பக்கத்து மனைக்காரர் அந்த விலைக்கு ஏற்றபடி கட்டினால் கோபம் என்பது எந்த விசாரணையிலும் நிற்காது. அதைவிட மோசம், 'யார் யாரெல்லாம் குடிவருவார்களோ' என்ற முணுமுணுப்பு. மனுவில் அந்த வாடை ஒரு வரியில் அடித்தாலும் மீதி நியாயங்கள் அதோடு போய்விடும், போகவும் வேண்டும்.

சென்ற ஆண்டு தெருக்கோடியில் இன்னொரு மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். இந்த முறை முதல் வாரத்திலேயே வரைபட நகலுக்கு எழுதிப் போட்டோம். மனு எழுதுமுன் தெருவை அளப்பது என்று முடிவானது. என் வீட்டு வாசல் சரிவு தெருவுக்குள் இரண்டடி மூன்று அங்குலம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை உடைக்க ஆள் வந்தபோது, வராந்தா அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். அவருடையது மூன்றடி ஒரு அங்குலம்.