ரப்பர் பலகையின் கார்பன் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் கட்டை ஏற்றிய லோரி கடந்து போனால், எந்தத் தோட்டத்து மரம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஐரோப்பாவில் பலகை வாங்குகிறவரும் இன்று அதைத்தான் கேட்கிறார். அதோடு, வெட்டி, அறுத்து, உலர்த்தி அனுப்புவதில் எவ்வளவு மாசு உண்டாகிறது என்று எழுதித் தரச் சொல்கிறார். அந்தத் தாளுக்குப் பெயர் இபிடி, அதாவது பொருளின் சுற்றுச்சூழல் அறிக்கை. இதற்கு அடிப்படை ஐஎஸ்ஓ 14025. கட்டடப் பொருள்களுக்கான விதிகள் இஎன் 15804 என்ற ஐரோப்பியத் தரத்தில் இருக்கின்றன. மர ஆலை அலுவலகங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் மேசைக்கே இந்தக் கணக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நண்பரின் மகள் ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினாள். “அங்கிள், ஆலை வாசல் வரைக்கும் போட்டா கழித்தல் குறியோட வருது. பலகை கார்பனைக் குறைக்குதுன்னு எழுதிடலாமா?” எழுதக் கூடாது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

மரம் வளரும்போது இழுத்த கரியமிலவாயு பலகைக்குள் கார்பனாக இருக்கிறது, உண்மை. ஆனால் அது கைமாற்றாக வாங்கிய பணம் மாதிரி. பலகை ஒரு நாள் எரிக்கப்படும், மக்கும், அல்லது வேறொருவர் கைக்குப் போகும். அப்போது முழுத் தொகையும் செலவுப் பக்கத்தில் ஏற வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட இஎன் 15804 இதில் கண்டிப்பாக இருக்கிறது: பொருளின் ஆயுள் முடிவையும் காட்டியே ஆக வேண்டும். சில பொருள்களுக்கு அதில் விலக்கு உண்டு. வளரும்போது இழுத்த கார்பன் உள்ளே இருப்பதால் மரத்துக்குக் கிடையாது. பழைய பலகையை மறுபடி பயன்படுத்துவதால் வரும் நன்மையை அறிக்கையின் ‘டி’ பிரிவில் தனியாக எழுத வேண்டும். அதை மொத்தத்தில் கலக்கக் கூடாது.

அவள் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. உலர்ந்த மரத்தின் எடையில் 12 சதவீத ஈரத்தோடு ஒரு கன மீட்டர் பலகை 640 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஈரத்தைக் கழிக்க வேண்டும்: 640-ஐ 1.12-ஆல் வகுத்தால் சுமார் 571 கிலோ. அதில் பாதி கார்பன். அதை, கரியமிலவாயுவுக்கும் அதிலுள்ள கார்பனுக்கும் உள்ள எடை விகிதமான 44/12-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,048 கிலோ கரியமிலவாயு. ஈரத்தைக் கழிக்க மறந்தால் 1,173 வரும். 125 கிலோ வெறும் தண்ணீரால் வந்த பெருமை!

அப்புறம் பங்கு பிரிக்கும் சிக்கல். பால்மரம் நட்டு இருபத்தைந்து, முப்பது வருஷத்தில், பால் கொடுத்து ஓய்ந்த பிறகுதான் கட்டையாகிறது. அத்தனை வருஷம் போட்ட உரமும் களைக்கொல்லியும் பாலின் கணக்கிலா, பலகையின் கணக்கிலா? ஆலையிலும் இதே கதைதான். கட்டையில் பெரும்பகுதி தூளாகவும் சில்லாகவும் போய்விடுகிறது. பலகைக்கும் தூளுக்கும் கிடைக்கும் வருமானம் வெகுவாக வேறுபட்டால் விலையை வைத்துப் பிரிக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கார்பனை மட்டும் விலை பார்த்துப் பிரிக்கவே கூடாது. எந்தத் துண்டில் எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுதான். எப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

உலர்த்தும் சூளைக்குத் தூளை எரிக்கிறோம், ஆகவே செலவே இல்லை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் எரிபொருள்தான். புகையும் சாம்பலும் வேறு எங்கும் போய்விடவில்லை, நம் வீட்டுத் துணிமேல்தான் வந்து விழுகின்றன. சூளைக்கு முன்னால் பலகையை ஊறவைக்கும் போரான் மருந்தையும் சேர்க்க வேண்டும். மின்சாரத்துக்கு ஐரோப்பியச் சராசரி எண்ணைப் போடாதீர்கள். தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது.

யாரும் பராமரிக்காத இயற்கைக் காட்டு மரத்துக்கும் நட்டு வளர்த்த ரப்பருக்கும் ஒரே கணக்கு செல்லாது. அந்தக் காட்டு மரம் இழுத்த கார்பனைக் கழித்துக் காட்ட முடியாது. அது நிலப் பயன்பாட்டுக் கணக்கில் வரும். எம்டிசிஎஸ் என்ற மலேசிய மரச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. அது காடு எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதற்கான சான்று. இபிடிக்கு அளந்த எண்கள் வேண்டும். அவற்றை வெளி ஆள் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும்.

ஒரு கன மீட்டர் பலகையை ஒரு டன் இரும்போடு ஒப்பிட்டு வென்றுவிட்டதாக எழுதுவதும் வேண்டாம். ஒரே சுமையைத் தாங்கும் இரண்டு உத்திரங்களை ஒப்பிடுங்கள்.

நண்பரின் மகள் இப்போது லோரிச் சீட்டு, மின்கட்டணம், சூளை டீசல் ரசீது எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரு ஃபைலில் சேர்க்கிறாள். இபிடி பொதுவாக 5 வருஷம்தான் செல்லும். அடுத்த முறை ஃபைலைத் திறந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.