லேகியம் வாங்கும் முன்: நோய் எதிர்ப்புச் சக்திக்காக நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் போதும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையிலிருந்தோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலிருந்தோ ஒரு புட்டி சியவனப்பிராசம் வந்து சேர்ந்துவிடும். கூடவே அமுக்கராப் பொடி, சீந்தில் மாத்திரை, ஏதாவது ஒரு மூலிகைத் தேநீர். இவற்றில் நல்ல மருந்துகள் உண்டு. ஆனால் யாருக்கு, எவ்வளவு, எந்த நிலையில் என்று கேட்காமல் சாப்பிட்டால் பலன் கிடைப்பதில்லை. சில வேளைகளில் கல்லீரலே பாதிக்கப்படுகிறது.

பழைய ஆயுர்வேத நூலாசிரியரான சரகர் உடலின் பலத்தை மூன்றாகப் பிரிக்கிறார். பிறவியோடு வருவது சகஜம். வயதையும் பருவத்தையும் பொறுத்தது காலஜம். உணவு, உறக்கம், உழைப்பு, மருந்து ஆகியவற்றால் நாமே சேர்த்துக்கொள்வது யுக்திகிருதம். முதலிரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவதிலும் உணவையும் உறக்கத்தையும் விட்டுவிட்டு மருந்தை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இரவு பன்னிரண்டு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். காலையில் கண் விழித்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி லேகியம். நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த லேகியம் செரிப்பதற்குக் கனமானது. முந்தைய இரவின் உணவே செரிக்காத வயிற்றில் அதுவும் சேர்ந்து தேங்கும். நாக்கில் வெள்ளைப் படிவு, உடல் கனம், புளித்த ஏப்பம், பசியின்மை ஆகியவற்றை ஆமத்தின், அதாவது செரிக்காமல் தேங்கிய கழிவின் அடையாளம் என்கிறது ஆயுர்வேதம். அழுக்குத் துணியில் சாயம் பிடிக்காதது போல, சுத்தமாகாத உடலில் ரசாயனம் எனப்படும் பலம் தரும் மருந்து பிடிக்காது என்பது பழைய நூல்கள் சொல்லும் உவமை.

அதனால் முதல் ஒரு வாரத்துக்கு மருந்தே வேண்டாம். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ரசம் சாதம் அல்லது கஞ்சி போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி போட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகப் பகல் முழுவதும் குடியுங்கள். காலையில் தானாகப் பசி எடுக்கத் தொடங்கிய பிறகு லேகியத்தைத் தொடங்கலாம். "சுத்தம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் வாராவாரம் விளக்கெண்ணெய் குடித்துப் பேதி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உடலின் நீரையும் உப்பையும் வடித்துப் பலத்தைக் குறைக்கும். வாந்தி எடுக்கவைக்கும், பேதியாக்கும் சிகிச்சைகளை மருத்துவர் பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும்.

சியவனப்பிராசம் பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் போதும். பல தயாரிப்புகளில் எடையில் பாதியளவுக்குச் சர்க்கரை இருக்கும். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நம் இந்தியர் சமூகத்தில் அது இன்னும் அதிகம். நீரிழிவுக்காரர்களுக்கு நெல்லிக்காயே நேரான வழி. சாறாகவோ பொடியாகவோ இனிப்பில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். லேகியத்தில் தேன் இருப்பதால் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நுனி விரல் அளவுகூடத் தரக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். பெரியவர்களும் கொதிக்கும் நீரில் தேனைக் கலக்க வேண்டாம். சூடேற்றிய தேனை ஆயுர்வேதம் விலக்குகிறது. வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு கலக்கலாம்.

கஷாயம் வைக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. வேர், பட்டை, தண்டு போன்ற கடினமான சரக்குகளுக்குத்தான் காய்ச்சிச் சுண்டவைப்பது பொருந்தும்: ஒன்றிரண்டாக இடித்த சரக்கு 10 கிராம், தண்ணீர் 160 மில்லி, மூடாமல் சிறு தீயில் 40 மில்லியாகும் வரை. துளசி, இலவங்கப்பட்டை போன்றவற்றின் குணம் பெரும்பாலும் அவற்றின் மணத்தில் இருக்கிறது. அரை மணி நேரம் திறந்து கொதிக்கவைத்தால் சமையலறை மணக்கும், குவளையில் ஒன்றும் மிஞ்சாது. இவற்றைப் பாண்டமாக, அதாவது வெந்நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். 2020இல் இந்தியாவின் பாரம்பரிய மருத்துவத் துறையான ஆயுஷ் அமைச்சு வெளியிட்ட குடிநீர்ப் பொடியின் அளவு இது: துளசி 4 பங்கு, பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. இதில் 3 கிராமை 150 மில்லி கொதித்த நீரில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டிக் குடிக்கலாம். நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. ஆண்டு முழுவதும் வெக்கை அடிக்கும் கோலாலம்பூரில் இதை மாதக்கணக்கில் குடித்தால் நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வரலாம். அப்படி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பட்டையிலும் கவனம் வேண்டும். தடித்து, ஒரே சுருளாக இருப்பது காசியா வகை. அதில் உள்ள கூமரின் என்ற பொருள் அளவுக்கு மிஞ்சினால் கல்லீரலைத் தாக்கும். சுருட்டு போல மெல்லிய அடுக்குகளாக இருப்பது இலங்கைப் பட்டை. குழம்புக்கு எது போட்டாலும் பெரிய வேறுபாடில்லை. தினமும் குடிப்பதற்கு இலங்கைப் பட்டையே நல்லது.

பொடிகளைக் கிலோ கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். சூரணத்தின் வீரியம் இரண்டு மாதம்தான் என்று பழைய நூல் கணக்கிட்டது. நம் ஊர் ஈரக் காற்றில் பூசணம் அதற்கு முன்பே வரலாம். 50 கிராம் வாங்கி, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, உலர்ந்த கரண்டியால் எடுங்கள். கட்டி தட்டியிருந்தால், வாடை மாறியிருந்தால், குப்பையில் போடுங்கள்.

சீந்திலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே வேலியோரம் வளரும் பத்தாவாலிக் கொடியைச் சீந்தில் என்று நினைத்துப் பலர் வெட்டிக் காய்ச்சுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே செடியல்ல. பத்தாவாலியின் தண்டு முழுக்க மருக்கள் போன்ற புடைப்புகள் இருக்கும். சீந்தில் தண்டில் காகிதம் போல மெல்லிய தோல் உரியும். இரண்டின் பெயரிலும் கல்லீரல் அழற்சி பதிவாகியிருப்பதால், செடியைச் சரியாக அடையாளம் கண்டாலும் மாதக்கணக்கில் தொடரக்கூடாது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ அன்றே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அமுக்கராவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நல்லது என்ற எண்ணமும் ஆபத்தானது. லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களில் அந்தச் சக்தியே சொந்த உடலைத் தாக்குகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அதை அடக்கத்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவர்கள் சீந்தில், அமுக்கரா வகைகளைத் தாமாகத் தொடங்கக்கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூலிகைத் தேநீரில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குழம்பு மஞ்சளால் சிக்கல் இல்லை. மஞ்சள் சத்து மாத்திரையால் இரத்தக் கசிவு வரலாம்.

பயணப் பெட்டியில் வந்த மருந்து, பசார் மாலாம் இரவுச் சந்தையில் பெயரில்லாமல் விற்கும் மாத்திரை இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்களும், பாரம்பரிய மருந்தென்றால் அவற்றை அடுத்து டி (T) எழுத்தும் இருக்கும். பாதுகாப்பு முத்திரையும் ஒட்டியிருக்கும். அந்த எண்ணை மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டி, பெயரும் தயாரிப்பாளரும் பொருந்துகிறார்களா என்று பாருங்கள். போலி எண்களும் உலவுகின்றன. பதிவு என்பது தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துத் தருவது. நோய் தீரும் என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, காய்ச்சல். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கடுங்காய்ச்சல் என்றால் முதலில் டிங்கியைத்தான் நினைக்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் குடித்துக்கொண்டு நான்கு நாள் வீட்டில் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. இரண்டாம் நாளே அரசாங்க கிளினிக்கில் டிங்கியைக் கண்டறியும் என்எஸ்1 இரத்தச் சோதனை எடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும். டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், தொடங்குகிறது. அப்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், துவண்டுபோகும் சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவு எத்தனை மணியானாலும், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.