பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் தேர்வு: கைடை மூடிவைத்துவிட்டுப் படிக்கும் வழி

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ் வழி. விடியும் முன்னே தோட்டத்தில் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் குளித்துக் கிளம்பி பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கணக்கையும் வேதியியலையும் பார்த்துப் பயப்படாத பிள்ளை, இங்கிலீஷ் என்றதும் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக உருப்போட ஆரம்பித்துவிடும். ராத்திரி முழுக்க ஒப்பித்த கட்டுரையில் நடுவில் ஒரு வரி மறந்தால் அதோடு பேனா நின்றுவிடும். இது தேவையே இல்லை. வேறு வழி இருக்கிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் வினாத்தாளின் கணக்கைப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண் கேள்விகள் 7, மூன்று மதிப்பெண் கேள்விகள் 7, ஐந்து மதிப்பெண் கேள்விகள் 7. இதில் பாடத்தைப் படித்திருந்தால்தான் எழுத முடியும் என்பவை எவை? செய்யுள் வரிகளைக் கொடுத்துக் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு 8 மதிப்பெண், இடஞ்சுட்டி விளக்குவதற்கு 6, உரைநடைக் குறுவினாவுக்கு 6, மூன்று பத்தி விடைகளுக்கு 15. ஆக 35. பாடத்திலிருந்து வரும் சினானிம், ஆன்டானிம் 6 சேர்த்தால் 41. மிச்சம் 49 மதிப்பெண் இலக்கணம், சொல்வளம், சொந்தமாக எழுதுவது, கொடுத்த பகுதியைப் படித்து விடை சொல்வது. பாதிக்கு மேல் கைடுக்கு வெளியேதான் இருக்கிறது. வருடம் முழுக்க அந்த 35-க்காகவே உயிரை விட்டால் இந்த 49-ஐ யார் வாங்குவது?

சரி, அந்த 35-ஐ எப்படிப் படிப்பது? கதையைத் தமிழில் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் படிப்பது தப்பு என்று சில பேர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதை மனதில் இருந்தால்தான் அதைச் சொல்ல வாய் வரும்.

‘தி சேர்’ பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அது நம் கரிசல் காட்டுக் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’. நூலகத்தில் தமிழ் மூலம் கிடைக்கும், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் யாருக்காவது கதையைச் சொல்லுங்கள். அப்பத்தா பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவரிடமே சொல்லலாம். ‘ஊரிலேயே நாற்காலி கிடையாது. வீட்டுக்குப் பெரிய ஆபீசர் வந்து முக்காலியில் உட்காரப்போய்க் கீழே விழுந்துவிட்டார். அதனால் நாற்காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு செய்து வந்தது, ஒன்று மாமனார் வீட்டுக்குப் போனது. ஊரில் ஒருத்தர் செத்துப்போனதும் பிணத்தை உட்காரவைக்க நாற்காலியைக் கேட்டு ராத்திரியில் கதவைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் அதில் உட்காரவே பயந்தார்கள்.’ அப்பத்தா நடுவில் ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்கும் இடங்களைக் கவனியுங்கள். பத்தி விடையில் விட்டுவிடக் கூடாத இடங்கள் அவைதான்.

இப்போது அதே கதையைச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக எழுதுங்கள். ‘தேர் வாஸ் நோ சேர் இன் தி வில்லேஜ்.’ ‘எ ஜட்ஜ் கேம் டு தெயர் ஹவுஸ்.’ ‘ஹி சாட் ஆன் எ ஸ்டூல் அண்ட் ஃபெல் டவுன்.’ இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் போதும், பத்தி வந்துவிடும். எழுவாய், அடுத்து வினை, அடுத்து மற்றதெல்லாம். நீள வாக்கியம் வேண்டாம். நடந்த கதை என்பதால் எல்லா வினையும் இறந்தகாலத்தில் இருக்கிறதா என்று மட்டும் கடைசியில் ஒருமுறை பாருங்கள். எழுதியதை ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்கி, திருத்தியதை இன்னொரு முறை எழுதுங்கள். இந்த இரண்டாவது முறை எழுதுவதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பாடம் கைக்கு வருவது அதில்தான்.

மற்றக் கதைகளுக்கும் இதுதான் வழி. ‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’ பாடத்தில் வரும் இரண்டு சகோதரர்களில் நிக்கோலா பெரியவன், ஜாக்கப்போ சின்னவன். முதுகெலும்பில் காசநோய் வந்த அக்கா லூசியாவுக்காகத்தான் ஷூ துடைக்கிறார்கள், பழம் விற்கிறார்கள். இந்த மூன்று பெயரும் அக்காவின் நோயும் சரியாக எழுத வந்தால் மிச்சக் கதை தானாக ஓடும். ஒவ்வொரு பாடத்துக்கும் பெயர், ஊர், நடந்த காரியம் என்று அரைப் பக்கக் குறிப்பு உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.

செய்யுள் ஆறு. ஆறின் தலைப்பையும் கவிஞர் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதப் பழகுங்கள், இது கட்டாயம். தோரு தத்தின் சவுக்கு மரத்துக்குத் தலைப்பிலேயே ஓர் எழுத்தை விழுங்கிவிடுகிற பிள்ளைகள் அதிகம். இடஞ்சுட்டி விளக்கும் கேள்வியில் எந்தச் செய்யுள், யார் எழுதியது, யார் எந்த நேரத்தில் சொல்வது, வரியின் பொருள் என்ன என்று நான்கு துண்டாகப் பிரித்து எழுதினால் மதிப்பெண் கைக்கு வந்துவிடும். அணிகளுக்குப் பெரிய பட்டியல் வேண்டாம். ‘லைக்’ என்றோ ‘ஆஸ்’ என்றோ போட்டு ஒப்பிட்டால் சிமிலி. சவுக்கு மரத்தைச் சுற்றிய கொடியை மலைப்பாம்பு போல என்று தோரு தத் சொல்கிற இடம் அது. ஒப்பிடும் சொல்லே இல்லாமல் உலகமே நாடக மேடை என்று ஷேக்ஸ்பியர் சொன்னால் மெட்டஃபர். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அலிட்டரேஷன். இதைக் கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துக் காதால் பிடியுங்கள், ஏனென்றால் எழுத்து ஒன்றாக இருந்து ஒலி வேறாக இருக்கும் இடங்கள் உண்டு. செய்யுளை எப்போதும் சத்தமாகத்தான் படிக்க வேண்டும். ‘யுலிஸஸ்’ கடைசி வரியை நான் வகுப்பில் எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்வேன். கடைசி பெஞ்சிலிருந்து வரும் குரல்தான் பலமாக இருக்கும்.

இலக்கணத்தில் நம் பிள்ளைகள் விழும் குழிகள் கொஞ்சம்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். ‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை: ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ் ஆப்சென்ட்.’ ‘டிஸ்கஸ்’ என்றால் அதன் பின்னால் ‘அபவுட்’ வராது. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ எல்லாம் ‘டு’ கேட்கும், ‘தேன்’ கேட்காது. ‘ஆல்தோ’ போட்டுத் தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ வரக் கூடாது. பிழை திருத்தும் ஐந்து மதிப்பெண் கேள்வியில் இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். ‘இஃப்’ வாக்கியத்துக்கு மூன்றே வாய்ப்பாடு: நிகழ்காலம் வந்தால் ‘வில்’, இறந்தகாலம் வந்தால் ‘வுட்’, ‘ஹேட்’ வந்தால் ‘வுட் ஹேவ்’. மூன்றுக்கும் உங்கள் வீட்டு விஷயத்தை வைத்து ஒவ்வொரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பூ விலை ஏறினால், ஏறியிருந்தால் என்று போட்டால் எந்தப் பிள்ளைக்கும் மறக்காது.

சொந்தமாக எழுதும் பகுதி எனக்குப் பிடித்தது. ஒரு செயலை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள்: டீ போடுவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது. ஃபர்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி என்று நான்கு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். பழமொழி கேட்டால் அதற்கு நிகரான தமிழ்ப் பழமொழி எது என்று முதலில் யோசியுங்கள். வெயில் இருக்கும்போதே வைக்கோலைக் காயவை என்று அவர்கள் சொல்வது நம் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ தானே. களத்தில் நெல் தூற்றியதைப் பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றி எழுத ஐந்து வரி கிடைக்காதா? வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் அனுப்புநர், பெறுநர், பொருள், தன்விவரம், உறை மேல் முகவரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தாலே ஆசிரியருக்குப் பாதி மனசு வந்துவிடும்.

எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதும் பெரிய விஷயம். பரீட்சை வரும் மாசி, பங்குனியில்தான் நம் ஊர்களில் கோயில் திருவிழா. ராத்திரி பத்து மணிக்கு மேலும் ரேடியோ செட் அலறும். விழாக் கமிட்டியில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். பரீட்சை நாட்களில் குழாயைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்வார்கள். சனி, ஞாயிறில் மதுரைக்குப் போக முடிந்தால் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் மாறினால் போய்விடலாம். அமைதியான இடம், காசு கிடையாது. போவதென்றால் பழைய வினாத்தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் போய், கடிகாரத்தை வைத்துக்கொண்டு 3 மணி நேரம் ஒரே உட்காரலில் எழுதிப் பாருங்கள். வீட்டில் இது நடக்காது. தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், பெண் பிள்ளைகளை இன்னும் அதிகமாக. பெற்றோர்களே, அந்த ஒரு மாதம் மட்டும் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்.

தேர்வன்று 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். படிக்க 10 நிமிடம், விவரம் சரிபார்க்க 5 நிமிடம், 10.15-க்கு எழுதத் தொடங்கலாம். அந்த 10 நிமிடத்தில் எந்த ‘அல்லது’ கேள்வியை எழுதப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள், எழுதும்போது மனம் மாறக் கூடாது. ஒரு மதிப்பெண்ணுக்கு விடையின் குறியீட்டு எழுத்தையும் விடையையும் சேர்த்தே எழுதுங்கள். கொடுத்த பகுதியைப் படித்து விடை சொல்லும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். விடை அங்கேயே இருக்கும் கேள்வியை அவசரத்தில் கோட்டைவிடுவது பெரிய நஷ்டம். ஒரு மணிக்கு எழுதி முடித்துவிட்டால், மிச்சமிருக்கும் கால் மணி நேரத்தில் முதலில் கேள்வி எண்களைச் சரிபாருங்கள், அப்புறம் கவிஞர்கள் பெயரின் எழுத்துகளை, அதற்கும் பிறகு வினைகளின் காலத்தை.