ரவைப் பாம்பு தைக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கு மஸில்லோடர் என்று பெயர். (ரவை என்றால் உப்புமா ரவை அல்ல, சின்னச் சின்ன ஈயக் குண்டு.) மருந்து ஒரு மாட்டுக் கொம்பிலும் ரவை ஒரு தோல் பையிலுமாகத் தனித்தனியே உடம்பில் தொங்கும். 18ஆம் நூற்றாண்டில் பறவை வேட்டைக்குப் போன ஐரோப்பியர்களிடம் இந்தப் பை ஒரு விசித்திரமான உருவத்தில் இருந்தது. தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளும் நீளமான தோல் குழாய் அது. ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனையில் அடைப்பான் வைத்த மூக்கு. பெயரே ‘ஷாட் ஸ்நேக்’, ரவைப் பாம்பு. அடுத்த நூற்றாண்டில் ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்ஸன் அண்ட் சன்ஸ் போன்ற பட்டறைகள் பித்தளை விசை வைத்த பைகளைக் குவித்தபின் பாம்பு வழக்கொழிந்தது. இப்போது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் அதை மறுபடி கையால் தைக்கிறார்கள்.

தைத்ததில் பாதி, பார்க்க அழகாக இருக்கும், கவிழ்த்தால் ரவை வராது. பை தைக்கிறோம் என்று நினைப்பதால் வரும் வினை இது. உண்மையில் தைப்பது ஒரு புனல்.

மூக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதிகம் சொதப்புவது அங்கேதான். 6ஆம் எண் ரவை ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். மூக்கின் துளை 8 மில்லிமீட்டர் இருந்தால் தாராளம் என்று தோன்றும். ஆனால் உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு துளைக்கு மேலே வளைவு கட்டிவிடும், அப்புறம் ஒன்றுகூட விழாது. துளை, உருண்டையின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் தடையில்லாமல் கொட்டும். அதாவது 14 மில்லிமீட்டர். துப்பாக்கி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். சைக்கிள் கடையில் ஒரு பிடி சின்ன பால்ரஸ் வாங்கி வந்து, மூக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் சடசடவென்று நாலைந்து விழும், அப்புறம் சட்டென்று மௌனம். தட்டினால் இன்னும் நாலு. அந்த மௌனம் வந்தால் துளையைப் பெரிதாக்கியே ஆகவேண்டும்.

துளை சரியாக இருந்தும் சிலருக்குக் கடைசிக் கைப்பிடி ரவை உள்ளேயே நின்றுவிடும். மூக்கின் அடிப்பாகம் தோலுக்குள் படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதுதான் காரணம். கொம்பில் செய்த மூக்கின் உள்விளிம்பைக் கத்திமுனைபோல் சீவி, தோலோடு வழுக்கிச் சேரும்படி விடவேண்டும். வெளியே ஒரு பள்ளம் கடைந்து, தோலை அதில் அழுத்தி, மெழுகு பூசிய நூலால் இறுக்கிக் கட்டினால் போதும். பசையை மட்டும் நம்பக் கூடாது. இரும்பு ஆணியும் வேண்டாம், பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் இரும்பு பட்ட இடம் மை கொட்டியதுபோல் கறுத்துவிடும்.

கொம்பு என்றதும் ஒரு விஷயம். வெளிநாட்டுப் படங்களில் மூக்கு மான்கொம்பில் இருப்பதைப் பார்த்து இங்கே யாரும் அதைத் தேடிப் போகவேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்த மான்கொம்பே ஆனாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எருமைக் கொம்பு அதே வேலையைச் செய்யும், பளபளப்பும் ஒரு படி மேல்.

அடுத்தது எடை. ஒரு காபி டம்ளர் நிறைய ஈய ரவை கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். ஒரு வெடிக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், என்று வைத்தால் அது முப்பத்தைந்து வெடிக்குக் காணும். ஒரு காலைப்பொழுதுக்கு அதுவே அதிகம். பாம்பு நீளமாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் ஒரு லிட்டர் கொள்ளளவுக்குத் தைத்தால் ஏழு கிலோ ஆகிவிடும், தோள்பட்டை போய்விடும். நீளம் வேண்டுமென்றால் குழாயை ஒடுக்குங்கள்.

இந்த எடை நடக்கும்போது சும்மா இருக்காது, உள்ளே புரண்டு தையலை அராவிக்கொண்டே இருக்கும். அதனால் உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு உறைபோலப் புரட்ட வேண்டும். இரண்டு தோலுக்கும் நடுவே மெல்லிய தோல் பட்டை ஒன்றை வைத்துத் தைத்தால் இடுக்கு அடைபடும். அங்குலத்துக்கு எட்டுத் தையல், லினன் நூல், தேன்மெழுகு, இரண்டு ஊசி. மெஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும், இரண்டு ஊசித் தையலில் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். தோல் 1 முதல் 1.2 மில்லிமீட்டர் கனம் போதும். 3 மில்லிமீட்டர் பெல்ட் தோலில் தைத்துவிட்டுப் புரட்ட முடியாமல் ஒரு மாலை முழுக்க மல்லாடியிருக்கிறேன், கடைசியில் பிரித்ததுதான் மிச்சம்.

குரோம் உப்பில் பதனிட்ட தோல் இதற்கு ஆகாது, தொளதொளவென்று இழுபடும், உருவம் நிற்காது. பட்டைச் சாற்றில் பதனிட்டதுதான் சரி. நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் லண்டன் வரை போன தோல் அந்த வகை. அதை நனைத்து, உலர்ந்த மணலை இறுக்கி அடைத்து, நிழலில் காயவைத்தால் பாம்பு உடம்பு தானாக வந்துவிடும். அவசரப்பட்டு மொட்டை மாடி வெயிலிலோ ஓவனிலோ வைத்தால் சுருங்கி அப்பளமாகிவிடும். மணலுக்குப் பதில் ரவையையே போட்டுக் காயவைக்கலாமே என்றும் தோன்றும். ஈரத் தோலின் அமிலம் ஈயத்தின்மேல் வெள்ளையாகப் பூக்க வைக்கும், செய்யாதீர்கள். காய்ந்தபின் மணலைத் தட்டி எடுப்பதிலும் சோம்பல் கூடாது, மிச்சமிருக்கும் மணல் ரவையோடு போய்க் குழலைக் கீறும்.

ஒரு வெடிக்கு வேண்டியதை அளக்கும் குப்பி விஷயத்தில் பழைய வழக்கம் எளிது: மருந்து எத்தனை குப்பியோ ரவையும் அத்தனை. ஆனால் அது ஈயத்துக்கான கணக்கு. அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது என்பதால் பலர் பிஸ்மத் என்ற உலோகத்துக்கு மாறினார்கள். அதே குப்பியில் பிஸ்மத் அளந்தால் எடை ஏழில் ஒரு பங்கு குறையும். இரும்பு ரவையைப் பழைய குழலில் போடவே கூடாது.

மருந்துக் கொம்பின் மூக்கும் ரவைப் பையின் மூக்கும் கைக்கு ஒரே மாதிரி படக் கூடாது. பேச்சுச் சுவாரசியத்தில் ரவையை முதலில் கொட்டிவிட்டு, துப்பாக்கியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லா மைதானத்திலும் உண்டு. ஒன்றில் கயிறு சுற்றுங்கள், விரலுக்கே தெரியும்.

சில மாதம் ஓடினால் பையின் உள்பக்கம் சாம்பல் நிறமாகிவிடும். அது ஈயத் தூசு. பையைத் துழாவிய கையோடு பிஸ்கட் எடுக்காதீர்கள், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள். ரவை அளந்து பார்க்க எடுத்த ஸ்பூன் மறுபடி அடுக்களைக்குப் போகக் கூடாது.