படுக்கும் முன் நாளைய வேலைகளை எழுதி வையுங்கள்

படுத்ததும் நாளைய வேலைகள் மனசுக்குள் சுற்றிச் சுற்றி வந்தால், விளக்கை அணைக்கும் முன் 5 நிமிடம் அவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். 'பேங்க் வேலை' என்று மொட்டையாக எழுதாமல், 'காலை 10 மணி, பேங்க், பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ்' என்று விவரமாக எழுதுங்கள். மறந்துவிடுவோமோ என்றுதான் மனசு அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. தாளில் ஏறிவிட்டால் அந்தக் கவலை குறையும். 2018-இல் வெளியான அமெரிக்க பேலர் பல்கலைக்கழக ஆய்வில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். போனில் எழுத வேண்டாம், அப்புறம் வாட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும்.

இழப்பு, மனத்தாங்கல் போன்றவற்றுக்கு இந்தப் பட்டியல் போதாது. தூக்கமின்மையோ மனச்சோர்வோ இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.