ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

மடிக்கணினியில் விண்டோஸுடன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவிய நாளிலிருந்து ஒரு தொல்லை. உபுண்டுவில் வேலை பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் தப்பாக இருக்கும். சரிசெய்வேன், மறுநாள் மீண்டும் தப்பு.

மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 என்ற சிறு பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். மாற்றினேன், பலனில்லை. நேர மண்டலத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இந்திய நேரத்தைக் குறிக்கும் கொல்கத்தா என்று சரியாகவே இருந்தது. நான்கு நாள் போனது.

அப்புறம் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவின் சந்திப்பில் முதல்முறையாகச் சேர்ந்தேன். தயங்கித்தான் கேட்டேன். ஓர் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "சரியா எவ்வளவு நேரம் குறையுது?"

அதுவரை நான் கணக்குப் பார்க்கவே இல்லை. துல்லியமாக ஐந்தரை மணி நேரம்! பேட்டரி தீர்ந்தால் இப்படி ஒரே அளவில் பிசகாது. ஐந்தரை என்பது உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், கரன்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல் வழியாக டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய், 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற டிவேர்டை (எண் வகைப் பதிவை) சேர்த்து மதிப்பை 1 ஆக்கினேன். பெயரில் இடைவெளி கூடாது. மறுதொடக்கம் செய்து நேரத்தை ஒருமுறை ஒத்திசைத்ததும் இரண்டிலும் நேரம் சரியானது. நிம்மதி.