மலைக் குடியிருப்பில் பொதுக்குழு: பூட்டிய வீட்டுக்கும் ஓட்டு உண்டு

குன்னூர், கோத்தகிரி பக்கம் வில்லா குடியிருப்புகளில் பல வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். உரிமையாளர்கள் கோவையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். எல்லோரும் சந்தா கட்ட, முடிவெடுப்பது மலையிலேயே குடியிருக்கும் நாலைந்து பேர்தான். சில இடங்களில் நேர்மாறு: வாட்ஸ்அப்பில் வெளியூர்க்காரர் வைத்ததே சட்டம்.

இதைச் சரிசெய்ய, உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒழுங்காக நடத்த வேண்டும். முதலில் தேதி. ஏப்ரல், மே வேண்டாம். சீசன் நெரிசல், போதாததற்கு நீலகிரிக்குள் வண்டியில் வர இ-பாஸ். அக்டோபர் பாதிக்குமேல் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், மரம் விழுந்து எந்த ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. கணக்குத் தணிக்கை முடிந்த கையோடு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம் தோதுப்படும். காலை 11 மணி என்று வையுங்கள். கோவையிலிருந்து விடியலில் கிளம்புகிறவர் வந்து சேரலாம்.

அறிவிப்பு 21 நாள் முன்பே போக வேண்டும். சங்கத்தின் துணைவிதியை (பை-லா) திருத்துவதென்றால் சிறப்புத் தீர்மானம் தேவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி அதற்கு முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். திருத்த வாசகத்தை முழுசாக அறிவிப்பிலேயே போடுங்கள். போடாமல் நிறைவேற்றினால், பிடிக்காதவர் நேரே மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுப்பார். மனு கொடுப்பவர் கேட்பதும் நியாயம்தான்.

பொருள் நிரலில் 'தண்ணீர் பற்றி விவாதம்' என்று எழுதினால் இரண்டு மணி நேரம் சண்டை நடக்கும், முடிவு வராது. 'லாரித் தண்ணீர்ச் செலவை மீட்டர்படி பிரிக்கலாமா?' என்று ஆமாம், இல்லை சொல்லும்படி எழுதுங்கள். கோடையில் வெடிக்கும் பிரச்சினையே இதுதான். சமமாகப் பிரித்தால் பூட்டிய வீட்டுக்காரர் கொதிப்பார். எல்லாச் செலவையும் மீட்டரில் போட்டால் வாட்ச்மேன் சம்பளமும் தடுப்புச்சுவர் பராமரிப்பும் குடியிருப்பவர் தலையில் விழும். இரண்டாகப் பிரியுங்கள்: வாட்ச்மேன், தெருவிளக்கு, தடுப்புச்சுவர், தொட்டி கழுவுவது வீட்டுக்கு இவ்வளவு என்று, லாரித் தண்ணீர் மட்டும் மீட்டர்படி. எடுத்துக்காட்டாக, மாதம் 48,000 லிட்டருக்கு ₹16,000 ஆகிறது. ஹோம்ஸ்டே விடும் வீடு 9,600 லிட்டர் எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு, ₹3,200 அதன் கணக்கு. மீட்டர் ரீடிங் எடுக்கும்போது கமிட்டியில் இல்லாத ஒருவரும் கூட இருக்கட்டும்.

ஓட்டு வீட்டுக்கு ஒன்று. கூட்டுப் பெயரில் வீடு இருந்தால் யார் போடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வராதவர் சார்பில் வேறொருவர் ஓட்டுப்போடத் துணைவிதி இடம் தந்தால், ஒருவர் கையில் இரண்டு அனுமதிக் கடிதத்துக்கு மேல் கூடாது என்றும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வெற்றுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் செயலாளர்தான் பெரிய ஆபத்து. எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று கடிதத்திலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு கருத்தறிய மட்டும். அங்கே ஒரு வீட்டிலிருந்து மூன்று நம்பர் இருக்கும்.

வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை. ஆனால் குப்பை, தண்ணீர், பார்க்கிங் பேச்சில் அவருக்கும் பேச வாய்ப்பு கொடுங்கள். குழாய் எங்கே ஒழுகுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

நடவடிக்கைக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆதரவு, எதிர்ப்பு எண்ணிக்கையோடு, எதிர்த்தவர் கேட்டால் அவர் காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். ஆட்சேபத்துக்கு 15 நாள் கொடுத்து, அதற்குப் பிறகு மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து.